கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா? கியர் பாக்ஸை இறக்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அதில் பாதியைக்கூடத் தாண்டவில்லை, எங்கள் பழைய சின்ன காரில் ஒரு கருகல் நாற்றம் கிளம்பியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் அலறுகிறது, வண்டி மட்டும் மாட்டு வண்டி வேகத்தில் போகிறது. ஓரம் கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு, மெதுவாகத் திருப்பிக்கொண்டு இறங்கினோம். மறுநாள் ஒரு பட்டறையில் விட்டேன். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸ் போயிடுச்சு தம்பி, இறக்கித்தான் பார்க்கணும்" என்றார்கள்.

இறக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பானட்டைத் திறந்து பார்த்தபோதுதான், முந்தின வாரம் இன்னொருவர் "பெடல் லூஸா இருக்கு" என்று கிளட்ச் கேபிளை முறுக்கி வைத்திருந்தது தெரிந்தது. ஒரே ஒரு நட்டைத் தளர்த்தினேன். அந்தக் கிளட்ச் பிளேட் அதற்கப்புறம் பதினோரு மாதம் ஓடியது.

எல்லா வண்டிக்கும் இப்படி ஒரு நட்டோடு முடியாது. பிளேட் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் எது தேய்மானம், எது வெறும் அட்ஜஸ்ட்மென்ட், எது எண்ணெய்க் கசிவு என்று பிரித்துப் பார்க்கும் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வேண்டுமானாலும் வீட்டு வாசலில் செய்யலாம். முதன்முதலாகப் பானட்டைத் திறப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கையால் கியர் போடும் வண்டிதான் இங்கே முக்கியம். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் கொஞ்சம் சொல்கிறேன்.

உள்ளே நடப்பது

என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புத் தட்டுக்குப் பெயர் ஃப்ளைவீல். கியர் பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் மேல் உட்கார்ந்திருப்பது கிளட்ச் பிளேட். அதன் இரண்டு பக்கமும் பிரேக் கட்டை மாதிரி ஒரு பொருள் ஒட்டியிருக்கும். அதை லைனிங் என்பார்கள். பிரஷர் பிளேட் தன் ஸ்பிரிங் பலத்தால் கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. நீங்கள் பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் அந்த ஸ்பிரிங்கின் நடுப்பகுதியைத் தள்ளும், பிடி விடும். காலை எடுத்தால் பிடி திரும்ப இறுகும்.

அந்தப் பிடி முழுதாக இறுகாமல், என்ஜின் சுற்றுகிற அளவுக்குப் பிளேட் சுற்றாமல் வழுக்குவதுதான் ஸ்லிப். வழுக்கினால் சூடு. சூடானால் லைனிங் கருகும். கருகினால் இன்னும் வழுக்கும். ஆகவே, "இப்போதைக்கு ஓடுதே, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட ஏற்ற கோளாறு இது இல்லை.

இது ஸ்லிப்தானா?

வண்டி இழுக்கவில்லை என்றாலே கிளட்ச் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காதில் விழுவதை வைத்தே பாதி பிரித்துவிடலாம். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது என்ஜின் சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் என்ஜினுக்கே பலம் இல்லை. ஏர் ஃபில்டர், எரிபொருள், பிளக் என்று அந்தப் பக்கம் போங்கள். பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, வீல் பக்கம் கையைக் கொண்டுபோனால் ஒரு சக்கரம் மட்டும் அனலாய் அடிக்கும். தொட வேண்டாம், பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது லிவர் தானாகவே எகிறி நியூட்ரலுக்கு வந்துவிட்டால், அது கியர் பாக்ஸ் உள்விவகாரமோ, என்ஜினைத் தாங்கும் மவுன்ட் விவகாரமோ. அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தமில்லை.

புதியவர்கள் அதிகம் குழம்புவது இன்னொரு இடத்தில். பெடலை முழுதாக மிதித்தும் கியர் கரகரவென்று விழுகிறது, ரிவர்ஸ் போட்டால் கத்துகிறது என்றால் கிளட்ச் சரியாக விடவில்லை என்று அர்த்தம். இது ஸ்லிப்புக்கு நேர் எதிரான நோய். ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் வண்டி இன்னும் கெடும். எங்கள் வண்டிக்கு நடந்தது ஏறக்குறைய அதுதான்.

ஸ்லிப் என்றால் என்ஜின் சத்தம் விறுவிறுவென்று ஏறும், வேகம் பின்தங்கி வரும். முதலில் டாப் கியரில், மேட்டில், வண்டி நிறைய ஆள் இருக்கும்போது தலைகாட்டும். நாள் போகப் போக எல்லாக் கியரிலும் வரும். பெடலில் காலை எடுக்கும்போது வண்டி நகரத் தொடங்கும் இடம், அதாவது கிளட்ச் பிடிக்கும் இடம், மேலே மேலே ஏறிக்கொண்டே வந்திருக்கும்.

மூன்று சோதனைகள்

முதல் சோதனைக்கு வண்டியை ஓட்டவே வேண்டாம். சமதரையில் நிறுத்துங்கள், முன்னால் ஆளோ சுவரோ இருக்கக் கூடாது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, வலது காலால் பிரேக்கையும் அழுத்திப் பிடியுங்கள். என்ஜின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஓடட்டும். மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக முழுவதும் விடுங்கள். என்ஜின் ஒரு குலுக்கலோடு அணைந்துவிட வேண்டும். கிளட்சை முழுதாக விட்ட பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் உடனே பெடலை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். ஸ்லிப் பலமாகவே இருக்கிறது. இதை ஒரு தடவைதான் செய்ய வேண்டும். திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது இருக்கிற லைனிங்கையும் எரிக்கிற வேலை.

இந்தச் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு. ஐடிலில் என்ஜின் கொடுக்கும் பலம் குறைவு. பாதி தேய்ந்த கிளட்ச்கூட அந்தப் பலத்தைத் தாங்கி என்ஜினை அணைத்துவிடும். ஆகவே இதில் தோற்றால் கிளட்ச் நிச்சயம் சரியில்லை. இதில் தேறியதை மட்டும் வைத்து நல்லது என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, ரோட்டில். கூட்டமில்லாத நேரான சாலை, காலை நேரம் நல்லது. நாலாவது அல்லது ஐந்தாவது கியரில் மணிக்கு 45, 50 கிலோமீட்டரில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் உறுமிக்கொண்டே வேகத்தோடு சேர்ந்து மெல்ல ஏறும். ஸ்லிப் என்றால் ஆர்.பி.எம் முள் (நிமிடத்துக்கு என்ஜின் எத்தனை சுற்று என்று காட்டுவது) சட்டென்று துள்ளி மேலே போகும், வேகமானி அங்கேயே நிற்கும். டர்போ டீசல் வண்டிகளில் 1,800 முதல் 2,500 ஆர்.பி.எம் வரையில் என்ஜினின் இழுப்பு அதிகம் என்பதால் அந்த இடத்தில்தான் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இதில் வாதத்துக்கே இடமில்லை. ஒரே கியரில், கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும்போது, ஆர்.பி.எம்முக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறவே மாறாது. பல் சக்கரங்களின் கணக்கு அது. உதாரணத்துக்கு, நாலாவது கியரில் 2,000 ஆர்.பி.எம்மில் 50 கிலோமீட்டர் வேகம் என்றால், 3,000-இல் 75 இருந்தாக வேண்டும். சமமான ரோட்டில் மெதுவாக ஓட்டும்போது ஒரு தடவையும், மேட்டில் அழுத்தி ஏறும்போது ஒரு தடவையும் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மேட்டில் 3,000-இல் 66தான் காட்டுகிறது என்றால் மிச்சம் 9 கிலோமீட்டர் கிளட்ச் பிளேட்டில் சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. எண்களைப் படிக்கப் பக்கத்து சீட்டில் ஒருவரை உட்கார வையுங்கள். ஓட்டுகிறவர் முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் கிளட்சைவிடப் பெரிய செலவு வந்துவிடும்.

பல சின்னக் கார்களில் ஆர்.பி.எம் மீட்டரே கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் (ஸ்கேனர் மாட்டும் இடம்) இருக்கும் வண்டி என்றால், அதில் மாட்டும் புளூடூத் கருவி ஒன்று வாங்கினால் போதும், போனிலேயே ஆர்.பி.எம் தெரியும். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

பெடலில் தொடங்குங்கள்

ஸ்லிப் உறுதியானதும் எல்லோரும் காருக்கு அடியில் படுக்கப் போவார்கள். முதலில் டிரைவர் சீட்டில் உட்காருங்கள். என்ஜின் அணைந்திருக்கட்டும்.

கிளட்ச் பெடலுக்கு அடியில் கால் விரலை நுழைத்து மேலே தூக்கிப் பாருங்கள். பெடல் இன்னும் கொஞ்சம் மேலே வந்தால் அது தானாக முழுதும் திரும்புவதில்லை என்று அர்த்தம். துருப்பிடித்து இறுகிய கேபிள், உடைந்த ரிட்டர்ன் ஸ்பிரிங், பெடலின் அச்சில் சேர்ந்த அழுக்கு இவற்றில் ஏதாவது இருக்கும். நீங்கள் காலை எடுத்துவிட்டதாக நினைக்கிறீர்கள், ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கால் எப்போதும் பெடலை மிதித்துக்கொண்டே இருக்கிறது.

அடுத்தது ஃப்ரீ பிளே. பெடலைக் கையால், காலால் அல்ல, மெதுவாக அழுத்துங்கள். முதலில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் போகும், அப்புறம் கனமாகும். அந்தக் கனமில்லாத தூரம்தான் ஃப்ரீ பிளே. பெடல் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து அளந்து கொள்ளுங்கள். கேபிள் வைத்த பல சின்னக் கார்களில் 10 முதல் 25 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்குச் சரியான அளவு அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அதுதான் தீர்ப்பு.

ஃப்ரீ பிளே பூஜ்யம் என்றால், ரிலீஸ் பேரிங் எந்நேரமும் ஸ்பிரிங்கைத் தொட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பிடி ஒருபோதும் முழுதாக இறுகாது.

இங்கே ஒரு விஷயம் கொஞ்சம் தலைகீழாகத் தோன்றும். கேபிள் பழையதானால் நீளும், அதனால் ஃப்ரீ பிளே கூடும் என்று நினைப்போம். அது உண்மைதான். ஆனால் பிளேட் தேயும்போது நடப்பது வேறு. லைனிங் மெலியமெலிய பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நெருங்கும். அதன் ஸ்பிரிங்கின் உள்முனை தராசுத் தட்டு போல எதிர்ப்பக்கம், ரிலீஸ் பேரிங்கை நோக்கி எழும்பும். ஆகவே தேயத் தேய ஃப்ரீ பிளே குறையும். அதனால்தான் அவ்வப்போது கேபிளைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். ஸ்லிப் ஆகிறது என்று கேபிளை முறுக்குகிறவர்கள் விஷயத்தை அப்படியே புரட்டிப் போடுகிறார்கள். இன்றைக்கும் நான் பார்க்கிற தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

கேபிளைத் தளர்த்துவது

வேலைக்கு வேண்டியது இரண்டு ஸ்பானர், ஒரு ஸ்கேல், துருவை இளக்கும் ஸ்பிரே, ஒரு டார்ச். அவ்வளவுதான். பெரும்பாலும் பானட்டைத் திறந்தாலே எட்டும்; சில வண்டிகளில் பேட்டரி டிரேயைக் கழற்ற வேண்டியிருக்கும்.

1. என்ஜின் நன்றாக ஆறியிருக்கட்டும். கியர் பாக்ஸ் மேல் கேபிள் வந்து சேரும் இடத்தைத் தேடுங்கள். ஒரு சின்ன இரும்புக் கை இருக்கும், அதன் வழியாகக் கேபிளின் மரையுள்ள முனை வெளியே வந்திருக்கும், அதில் நட்டு இருக்கும்.

2. உதவிக்கு ஒருவரைப் பெடலை மிதித்து விடச் சொல்லி அந்தக் கை நகர்வதைப் பாருங்கள். நகர்வது கிளட்ச் கேபிள்தான் என்று உறுதியாகட்டும். கை விரலை உள்ளே விட்டுக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம்.

3. நட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே நீட்டியிருக்கும் மரையின் நீளத்தையும் குறியுங்கள். தப்பானால் திரும்பி வர வழி வேண்டுமே.

4. மரையில் ஸ்பிரே அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். அட்ஜஸ்ட் நட்டு நகராமல் பிடிக்கும் லாக் நட்டு இருந்தால் அதை முதலில் இளக்குங்கள். கேபிள் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டு, அட்ஜஸ்ட் நட்டை இரண்டு சுற்று தளர்த்துங்கள்.

5. போய்ப் பெடலை ஐந்தாறு தடவை மிதித்துவிட்டு, ஃப்ரீ பிளேயை மறுபடி அளந்து பாருங்கள். கையேட்டு அளவு வரும்வரை இரண்டிரண்டு சுற்றாக.

6. லாக் நட்டை இறுக்குங்கள். என்ஜினை ஓடவிட்டு, பெடலை முழுதாக மிதித்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். கத்தினால் அளவுக்கு மீறித் தளர்த்திவிட்டீர்கள், நட்டை ஒரு சுற்று மறுபடி இறுக்குங்கள்.

அப்புறம் மறுபடி அந்த 2,000, 3,000 கணக்கைப் போட்டுப் பாருங்கள். விகிதம் ஒத்து வந்தால் அன்றைய வேலை முடிந்தது. ஃப்ரீ பிளே சரியாக இருந்தும் ஸ்லிப் தொடர்ந்தால், அல்லது நட்டு ஏற்கெனவே மரையின் கடைசியில் நின்று இனித் தளர்த்த இடமில்லை என்றால், பிளேட் தன் ஆயுளை முடித்துவிட்டது. சில வண்டிகளில் கேபிள் தானே அட்ஜஸ்ட் செய்துகொள்ளும் அமைப்பு இருக்கும், அங்கே நட்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஹைட்ராலிக் கிளட்ச் என்றால்

பெடலிலிருந்து கேபிளுக்குப் பதில் சின்னக் குழாய் போனால் அது ஹைட்ராலிக். உள்ளே இருப்பது பிரேக் ஃப்ளூயிடு, பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். ஸ்லிப் என்றதும் "ஃப்ளூயிடு குறைஞ்சிருக்கும், ஊத்துங்க" என்று யாராவது சொல்வார்கள். ஃப்ளூயிடு குறைந்தால் கிளட்ச் விடாமல் போகும், கியர் விழாமல் போகும். அதனால் மட்டும் ஸ்லிப் வராது. ஆனால் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்த சிலிண்டர் உள்ளேயே கசிந்தால், அந்தத் திரவம் பிளேட்டில் தெறித்து ஸ்லிப் வரலாம். ஆகவே அளவு இறங்கியிருந்தால், வெளியே எங்கும் ஈரம் இல்லாவிட்டால், உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, மாஸ்டர் சிலிண்டரின் தள்ளு கம்பி நீளமாக அட்ஜஸ்ட் செய்யப்பட்டிருந்தால், பெடலை விட்ட பிறகும் குழாயில் அழுத்தம் மிச்சமிருக்கும். கேபிளை முறுக்கியது போன்ற அதே விளைவு. பெடலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் அந்தக் கம்பி இருக்கும். அதில் மிகச் சிறிதேனும் ஆட்டம் வேண்டும்.

பிரேக் ஃப்ளூயிடு பெயின்டைத் தின்றுவிடும். பானட் ஓரத்தில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருப்பதைப் பார்த்தே வாங்குங்கள்.

எண்ணெய்க் கசிவு

இப்போதுதான் வண்டிக்கு அடியில். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்ட். கல், ஹாலோ பிளாக், மரக்கட்டை எதுவும் ஸ்டாண்டுக்கு ஈடாகாது. ஹாலோ பிளாக் எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும்.

என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இணைப்பின் அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் சொட்டு நின்றால் விரலில் தொட்டு மோந்து பாருங்கள். கறுப்பாக, என்ஜின் ஆயில் வாசத்தோடு இருந்தால் என்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் போயிருக்கிறது. கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில். கியர் பாக்ஸ் தண்டின் சீல் போயிருக்கிறது. மேலே என்ஜினிலிருந்து வழிந்து வந்த எண்ணெயும் அங்கே வந்து தேங்கலாம், ஆகவே அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டிய பின் மறுபடி பாருங்கள்.

எண்ணெய் குடித்த பிளேட்டை மீட்க முடியாது. பெட்ரோல் ஊற்றிக் கழுவலாம், ஓட்டை வழியாக எதையாவது தெளிக்கலாம் என்றெல்லாம் கைவைத்தியம் சொல்வார்கள். தீப்பொறி பறக்கும் இடத்தில் பெட்ரோல் ஊற்றுவது பைத்தியக்காரத்தனம். அப்படியே பிழைத்தாலும் லைனிங் ஊறிய எண்ணெயைச் சூட்டில் திரும்பக் கக்கும். பிளேட்டும் மாற வேண்டும், சீலும் மாற வேண்டும். பிளேட்டை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

பிளேட் மாற்றும் வேலை

நேராகச் சொல்கிறேன், முதல் தடவை கையில் ஸ்பானர் எடுப்பவர் இதை வீட்டு வாசலில் தனியாகச் செய்யக் கூடாது. சின்ன வண்டியின் கியர் பாக்ஸே ஒரு சிமென்ட் மூட்டையில் பாதிக்கு மேல் கனம் இருக்கும். அதை மல்லாந்து படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேல் தாங்கி, தண்டு நேராக நுழையும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் கூட இருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் பட்டறையில் கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் எங்கே கேள்வி கேட்பது என்றும் தெரியும்.

பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை எடுப்பார்கள். கியர் ஆயிலை வடிப்பார்கள். முன்சக்கரங்களைக் கழற்றி, இரண்டு ஆக்சில் தண்டுகளையும் கியர் பாக்ஸிலிருந்து உருவுவார்கள். கியர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் விலகும். என்ஜினைக் கீழிருந்து ஜாக்கியால் மரக்கட்டை வைத்து, அல்லது மேலிருந்து சங்கிலியால் தாங்கிவிட்டு, மவுன்ட்டையும் சுற்றியுள்ள போல்ட்டுகளையும் கழற்றி, கியர் பாக்ஸை நேராகப் பின்னுக்கு இழுத்து இறக்குவார்கள். அதைப் பாதியில் தண்டின் மேல் தொங்கவிடக் கூடாது. பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும்.

உள்ளே கறுப்புத் தூசி மண்டிக் கிடக்கும். காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும், நுரையீரலுக்குப் போனால் அது வெளியே வராது. ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், மாஸ்க் போடுங்கள்.

இந்த நேரத்தில் நான்கு விஷயத்தைக் கண்ணால் பாருங்கள். பழைய பிளேட்டில் லைனிங் பரப்பிலிருந்து ரிவிட் தலை எவ்வளவு உள்ளே இருக்கிறது; அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால் அதன் கதை முடிந்தது. லைனிங் தடிமனாக, ஆனால் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் சூட்டில் இறுகியது. எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஃப்ளைவீல்: நீலப் புள்ளிகள், மயிரிழை விரிசல், விரல் நகத்தில் தட்டுப்படும் வரி இருந்தால், லேத்தில் கொடுத்துப் பரப்பை எடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். சில டீசல் வண்டிகளில் உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல் இருக்கும். அதன் விலை கிளட்ச் செட்டையே தூக்கிச் சாப்பிட்டுவிடும், எனவே முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். பேரிங்கை மட்டும் மிச்சம் பிடித்து, அது ஆறு மாதத்தில் கத்த ஆரம்பித்தால், கியர் பாக்ஸை இறக்கும் கூலியை இரண்டாவது முறை கொடுக்க வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் ஜி.பி. ரோட்டில் பில்லோடு புது செட் வாங்கலாம். புதுப்பேட்டையில் கழற்றிய கதவு, கண்ணாடி எல்லாம் வாங்குங்கள், தப்பில்லை. கிளட்ச் பிளேட் மட்டும் வேண்டாம். வாங்கும்போது பழைய பிளேட்டைக் கையில் கொண்டுபோய் விட்டம், நடுவிலுள்ள பற்களின் எண்ணிக்கை இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மாடலில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வேறுவேறு இருக்கும்.

பொருத்தும்போது பிளேட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. எந்தப் பக்கம் ஃப்ளைவீல் என்று அதிலேயே எழுதியிருக்கும். நடு அச்சு பிசகாமல் இருக்க ஒரு அலைன்மென்ட் கம்பி செருகி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும், கடைசியில், சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்சால். தண்டின் பற்களில் கிரீஸ் மெல்லிசாக ஒரு பூச்சு போதும். கூடினால் சுழற்சியில் பறந்து புதுப் பிளேட்டில் போய் ஒட்டும். கியர் ஆயில் ஊற்றினார்களா என்று கேளுங்கள். சிரிக்க வேண்டாம், மறந்த கதை எனக்குத் தெரியும்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு

பெடல் இரண்டுதான் என்றாலும் ஏஎம்டி (சாதாரண கியர் பாக்ஸையே கம்ப்யூட்டர் இயக்கும் வகை) வண்டிக்குள் இருப்பது இதே உலர்ந்த கிளட்ச் பிளேட்தான். இந்தியாவில் 2014-இல் செலேரியோவோடு பரவிய வகை இது. மிதிப்பது மட்டும் கம்ப்யூட்டர். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரால் வண்டியை நிறுத்தி வைப்பவர்களுக்கு இங்கேயும் பிளேட் கருகும். விகிதக் கணக்கு சோதனையை மேனுவல் மோடில் போட்டுச் செய்யலாம். பிளேட் மாற்றிய பின் ஸ்கேனர் வைத்துக் கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும், ஆகவே அந்தக் கருவி இல்லாத பட்டறைக்குப் போகாதீர்கள்.

திரவத்தின் வழியே என்ஜின் பலத்தைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகையில் நீங்கள் பார்க்கக்கூடியது ஃப்ளூயிடு மட்டுமே. டிப்ஸ்டிக் இருந்தால் கையேட்டில் சொன்ன சூட்டில், சொன்ன முறையில் அளவு பாருங்கள். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டால் சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்து, கருகிய வாசம் அடித்தால் உள்ளேயிருக்கும் பிளேட்டுகள் எரிகின்றன. இந்த ஃப்ளூயிடு என்ஜின் ஆயில் போல எரிந்து குறையாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. பல் சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடி வகைக்கு அதற்கென்றே தனி ஃப்ளூயிடு, சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஃப்ளூயிடு) ஊற்றினால் பெல்ட் போய்விடும். இதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

வழியில் மாட்டிக்கொண்டால்

ஏசியை அணையுங்கள். கீழ்க் கியரில், ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டு ஓட்டுங்கள். டாப் கியரில் அழுத்தினால்தான் பிளேட்டுக்குச் சுமை. நாற்றம் வந்தால் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மலைப்பாதை மேலே இருந்தால் ஏறாதீர்கள். எங்களைப் போலத் திரும்பிவிடுங்கள், அல்லது லாரியில் ஏற்றுங்கள்.

வால்பாறை மாதிரிப் பாதைகளில் குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. நடைமுறையில் பாதிப் பேர் விடுவதில்லை. மேட்டில் நிற்க வேண்டி வந்தால் ஹாஃப் கிளட்சில் ஊசலாடாமல் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் நில்லுங்கள். சிக்னலில் பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே நிற்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். செருப்பின் கனமே ஃப்ரீ பிளேயைத் தின்னப் போதும்.

புதுப் பிளேட் போட்ட வண்டியை முதல் 500 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், பாரம் ஏற்ற வேண்டாம், மலை வேண்டாம். லைனிங் ஃப்ளைவீலோடு பதிந்துகொள்ள அவ்வளவு தூரம் தேவை. அந்தத் தூரம் முடிந்ததும் ஒரு காலை வேளையில் நாலாவது கியர் கணக்கை ஒரு முறை எடுத்து, ஃப்ரீ பிளே அளவோடு சேர்த்து, தேதி போட்டுக் கையேட்டின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள். என்னுடையதில் இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன.